தறிக்குடோன் பேச்சு

கை இரண்டும் மடியில்தான் இருக்கின்றன. வலது கையின் மேல் இடது கை. பார்த்துக்கொண்டிருக்கும்வரை இருந்த இடத்தில் இருக்கும், கண்ணை எடுத்தால் கிளம்பிவிடும், அதனால் மேடையைப் பார்ப்பதும் கையைப் பார்ப்பதுமாக உட்கார்ந்திருக்கிறேன். மேடையில் பஞ்சாயத்துத் தலைவர் கலாமணி அம்மாள் தெருவிளக்குப் பிரச்சினையைப் படிக்கிறார். அது முடிந்தால் அடுத்தது லைன் வீட்டுப் பாதை, தறிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கிற வீடுகளுக்குப் போகிற சந்து. அது என்னுடையது. என் பெயரைக் கூப்பிடுவார்கள், நான் எழுந்து போய் கிராம சபை முழுக்கப் பார்க்க மைக் முன்னால் நிற்க வேண்டும். நான்கு வாக்கியம். அதற்கு மேல் வேண்டாம் என்று நானே முடிவு செய்திருக்கிறேன். என் பேர் மாராத்தாள், லைன் வீட்டில் குடியிருக்கிறேன், இது ஒன்று. எங்கள் சந்து வாயில் இரும்புக் கேட்டுப் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்கள், இரண்டு. தை மாதம் எங்களோடு தறி ஓட்டின தங்காயியை நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாமல் அவளுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது, மூன்று. கேட்டைத் திறந்துவிடத் தீர்மானம் போட்டுத் தரவேண்டும், நான்கு. விடிந்ததிலிருந்து எத்தனை தடவை எண்ணிவிட்டேன், எண்ணும்போது நான்கும் இருக்கின்றன, சொல்லிப் பார்த்தால் மூன்றாவது மட்டும் நழுவுகிறது. மூன்றாவதுக்கு வரும்போது கை கிளம்புகிறது, கை கிளம்பினால் சத்தம் போய்விடுகிறது. இன்றைக்குச் சுதந்திர தினம், ஊரில் ஒரு தறியும் ஓடவில்லை, அதுவும் ஒரு தொந்தரவு. மற்ற நாளில் இந்தச் சமுதாயக் கூடத்தின் சுவருக்கு அந்தப் பக்கமே தறி ஓடுகிற சத்தம் இருக்கும், அந்தச் சத்தத்துக்குள் நான் எங்கேயாவது ஒளிந்துகொள்ளலாம். இப்போது மின்விசிறி கிறீச்சிடுவது கேட்கிறது, பின்னால் யாரோ மிட்டாய்க் காகிதம் பிரிப்பது கேட்கிறது, காதுக்குள் மட்டும் தறி நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. இவ்வளவு அமைதியில் ஒரு மனுஷி வாயைத் திறந்தால் அது எப்படி ஒலிக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதே இல்லை.

பதின்மூன்று வயதில் நூல் சுற்றப் போனேன், பிறகு தறிக்கு வந்தேன், இன்னும் தறியில்தான் நிற்கிறேன். தறிக்குடோனுக்குள் யாரும் சத்தம் போட்டுப் பேசுவதில்லை. போட்டாலும் கேட்காது. புதிதாக வருகிறவர்கள் ஒரு வாரம் கத்திப் பார்ப்பார்கள், தொண்டை கட்டிக்கொள்ளும், பிறகு விட்டுவிடுவார்கள். உதட்டை அசைத்தால் போதும், கூடவே கையை அசைத்தால் போதும். இரண்டு விரலைக் கத்திரி மாதிரி வைத்தால் இழை அறுந்துவிட்டது. கட்டை விரலை வாய்ப்பக்கம் சாய்த்தால் தண்ணீர். சட்டைப் பையைத் தொடுவதுபோல் நெஞ்சில் கை வைத்தால் முதலாளி வருகிறார், ஏனென்றால் பெரிய முதலாளி எப்போதும் பையில் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டேதான் உள்ளே நுழைவார். அவர் போய்ச் சேர்ந்து அவர் மகன் வந்த பிறகும் அந்தக் கை மாறவில்லை. மகன் கண்ணாடி போடுவதில்லை, அதனால் என்ன, நெஞ்சில் கை வைத்தால் அவர்தான். வேலைப் பேச்சு மட்டும் என்று நினைக்கக் கூடாது. பக்கத்துத் தறித் தெய்வானைக்கு மாப்பிள்ளை பேசியது தறிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்றுதான், பையனுக்குக் குடி உண்டா என்று கேட்டது, கொஞ்சம் உண்டு என்று விரலில் அளவு காட்டியது, அவ்வளவு என்றால் பரவாயில்லை என்று அவள் தலையாட்டியது, எல்லாம். சத்தமே இல்லாமல் சிரித்திருக்கிறோம், சத்தமே இல்லாமல் சண்டை போட்டிருக்கிறோம். ஆனால் அந்தப் பழக்கம் வெளியில் வந்தும் விடுவதில்லை. வீட்டுக்கு வந்தால் உப்பு எங்கே என்று கேட்கச் சத்தம் வரும். பால்காரர் வந்தாரா என்று கேட்க வரும். மனசில் கனமானது எதுவோ அதற்கு மட்டும் வராது, அது நேராகக் கைக்குப் போய்விடும், உதடு அசையும், தொண்டை சும்மா இருக்கும். என் மகள் கோகிலாவின் அப்பா இருந்தவரை இதற்குத்தான் கோபித்துக்கொள்வார். ஒண்ணு பேசு, இல்லாட்டிக் கைய ஆட்டு, ரெண்டும் பாதிப் பாதியா வேண்டாம் என்பார். எனக்கு அது பாதி இல்லை. எனக்குள் முழுசாகக் கேட்கிறது. நான் பேசுவது என் காதுக்குக் கேட்டுக்கொண்டேதான் இருக்கும், அதுதான் இதில் உள்ள பெரிய மோசம், சத்தம் வரவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியாது. எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சம்பந்தி முகத்தில் அப்படித்தான் கண்டுபிடித்தேன். வளைகாப்புப் போட்டு கோகிலாவை அழைத்து வந்த பிறகு அவளைப் பார்க்க அவளுடைய மாமனாரும் மாமியாரும் வந்தார்கள். ஆட்டோ கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. கேட்டில் ஓர் ஆள் நுழைகிற சின்னக் கதவு ஒன்று உண்டு, அதில் குனிந்து பக்கவாட்டில் நுழைந்து, பழத்தட்டை முதலில் உள்ளே நீட்டி, பிறகு தாங்கள் வந்தார்கள். அந்த அம்மாள் சேலைக் கரையில் கிரீஸ் ஒட்டிக்கொண்டது. காப்பி குடித்துவிட்டுச் சம்பந்தி கேட்டார், இடுப்பு வலி கண்டா நூத்தியெட்டு வண்டி எதுவரைக்குமுங்க சம்பந்தியம்மா வரும் என்று. நான் சொன்னேன். சாவி வாட்ச்மேனிடம் இருக்கிறது, அவன் எண்ணும் வாங்கி வைத்திருக்கிறேன், வலி வரும் முன்பே நாலு நாள் முன்னால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாம் என்றிருக்கிறேன், தலைப்பிரசவம் என் வீட்டில்தான் நடக்க வேண்டும், ரொம்ப வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை, அவளுக்கு நான் செய்கிறதுக்கு இது ஒன்றுதான் இருக்கிறது, எல்லாம் சொன்னேன். அவர் என் கையைப் பார்த்தார். பிறகு அவர் மனைவியைப் பார்த்தார். உள்ளே இருந்து கோகிலா மெதுவாக, அம்மா, சத்தம் வரலை என்றாள். அதற்குள் அவர் எழுந்துவிட்டார். பதில் சொல்ல முடியலீன்னாப் பரவாயில்லைங்க, உங்களைக் குத்தம் சொல்லலை என்றார். குத்தம் சொல்லியிருந்தால் தேவலை. கேட்டு இப்படியே இருந்தால் பிள்ளையைத் தாங்களே கூட்டிக்கொண்டு போய்விடுவதாகச் சொன்னார். பதினஞ்சாந்தேதி கிராம சபையில் அம்மா பேசுறாங்க மாமா, அது வரைக்கும் பொறுங்க என்று கோகிலாதான் சொல்லி வைத்தாள். நான் பேசுகிறேன் என்று நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. இன்றைக்குச் சாயங்காலம் அவர் போன் செய்வார். காலையில் எனக்குச் சேலை மடிப்பை எடுத்து விடும்போது கோகிலா குனிய முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பையைப் பிரிக்காமல் கட்டிலடியிலேயே வைத்திருக்கிறாள், ஏன் என்று நான் கேட்கவில்லை.

தெருவிளக்கு முடிகிற மாதிரி இல்லை. மாரியம்மன் கோயில் பக்கம் விளக்கு வேண்டும் என்று ஒருவர், அங்கே ஏற்கெனவே இரண்டு இருக்கிறது என்று இன்னொருவர். பேசுகிற ஆளைப் பார்க்கிறேன். ஒரு கையைச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டு மற்றக் கையை வீசி வீசிப் பேசுகிறார், கை எங்கே போகிறதோ சத்தமும் அங்கே போகிறது, இரண்டும் ஒரே வண்டியில் பூட்டிய மாதிரி. யார் கற்றுக்கொடுத்தார்கள் அவருக்கு. எனக்குக் கற்றுக்கொடுக்க மகளிர் குழுவிலிருந்து ஜெனிதா வந்தாள். நல்ல பெண். கட்டிப் போட்ட மாதிரி நிக்காதீங்கக்கா, கைய இயல்பா அசைச்சுப் பேசுங்க என்றாள். இயல்பாக என்றால் எப்படி என்று கேட்டேன். மனசுல என்ன வருதோ அப்படி என்றாள். எனக்கு என்ன வரும் என்று அவளுக்குத் தெரியாது. பேச்சை ஆரம்பிக்கும்போது நெஞ்சில் கை வைத்து என் பேர் இன்னது என்று சொல்லச் சொன்னாள், அப்படிச் செய்தால் கேட்கிறவர்களுக்கு நம்பிக்கை வருமாம். குழு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, நான் நெஞ்சில் கை வைத்தேன். அவ்வளவுதான், கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்த தெய்வானை தோலை மடிக்குள் மறைத்துக்கொண்டு நிமிர்ந்தாள், காலை நீட்டியிருந்தவர்கள் மடக்கினார்கள், அத்தனை பேரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். ஜெனிதாவும் பார்த்தாள். யாருங்கக்கா வந்தது என்றாள். சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு கையை விரித்துப் பேசச் சொன்னாள், விரித்தேன், தறி நிறுத்து என்று ஆகிவிட்டது. ஆள் பக்கம் விரல் நீட்டாமல் உள்ளங்கையால் மொத்தமாகக் காட்டச் சொன்னாள், காட்டினேன், அது கழிவறைக்குப் போகிறேன் பார்த்துக்கொள் என்பது. உங்களுக்கு எந்தக் கையுமே சும்மா இல்லையாக்கா என்றாள். கடைசியில் தெய்வானைதான் வழி சொன்னாள். வலது கையில் மைக், இடது கையில் முந்தானை, இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொள், பேச்சு வாய் வழியாகத்தான் வந்தாக வேண்டும், வேறே வழி ஏது அதற்கு. அப்படிச் சொல்லிப் பார்த்தேன், நான்கும் வந்தன. மரக்கட்டை நின்று சொன்ன மாதிரி இருந்தது என்று ஜெனிதா முகத்தைச் சுளித்தாள். மரக்கட்டையாகவே இருக்கட்டும். வலது கையில் மைக், இடது கையில் முந்தானை. முந்தானையை இப்போதே பிடித்துப் பார்க்கிறேன், வியர்வையில் நனைந்திருக்கிறது.

எங்கள் லைனிலிருந்து பதினெட்டுப் பெண்கள் வந்திருக்கிறார்கள். மறுபடியும் எண்ணினேன், பத்தொன்பது, தூணுக்குப் பின்னால் ரங்காத்தாள் இருப்பதை விட்டுவிட்டேன். தங்காயியையும் அழைத்து வந்து சுவரோரம் சாய்த்து உட்கார வைத்திருக்கிறார்கள். வலது பக்கம் விழுந்ததில் அவளுக்கு வாயும் கோணிவிட்டது, பேசினால் குழறும். அதை விட மோசம் கைதான். எங்கள் பேச்சுக்கு இரண்டு கை வேண்டும், ஒரு கையால் சொன்னால் பாதிதான் சொல்ல முடியும், மீதியை நாமே போட்டுக்கொள்ள வேண்டும், சில சமயம் தப்பாகப் போட்டுவிடுகிறோம், அவள் கோபத்தில் அழுவாள். குடோன் முழுக்க அவளைப் போல வேடிக்கையாகக் கை பேசினவர் யாரும் இல்லை. முதலாளி சுந்தரமூர்த்தி முன் வரிசை நாற்காலியில் இருக்கிறார். அவர் வரும்போது என்னைப் பார்த்து நின்றார். மாரக்கா, கோகிலா வந்திருக்குதாமே, நல்லா இருக்குதா, ஊட்டுல சொல்லி நெய் குடுத்துடறேன் என்றார். ஒப்புக்குச் சொல்லவில்லை, கொடுக்கவும் செய்வார். அவரைத் திட்டவும் முடிவதில்லை. லாரியில் இருந்த நூல்கோன் மூட்டை இரண்டு தடவை திருட்டுப் போனது, அதனால் கேட்டுப் போட்டார், அதில் பொய் இல்லை. சந்து அவருடைய இரண்டு குடோனுக்கும் நடுவில் போகிறது, அது யாருடைய இடம் என்று யாரும் அளக்கவும் இல்லை. சாவி வாட்ச்மேனிடம் இருக்கிறது என்று அவர் சொல்வதும் உண்மை. தை மாதம் அந்த மத்தியானம் வாட்ச்மேன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு கல்யாணப் பந்திக்குப் போயிருந்தான், அதுவும் உண்மை. தங்காயி வீட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். ஒவ்வொன்றும் உண்மை, யார் மேலும் தப்பில்லை, ஆனால் தங்காயியின் கை மட்டும் மடியில் செத்துக் கிடக்கிறது. இதை எப்படி ஒரு வாக்கியத்தில் சொல்வது. மூன்றாவது வாக்கியத்தில் நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை, நேரமாகிவிட்டது என்றுதான் சொல்கிறேன், நேரம் தானாகவே ஆகிவிட்டது மாதிரி. முதலாளி திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார். நானும் சிரித்தேன் போலிருக்கிறது. வாய் வலிக்கிறது. நெய் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வேண்டாம் என்பதற்குச் சத்தம் வந்திருக்காது. தண்ணீர் குடிக்க வேண்டும். இப்போது எழுந்து போனால் அதற்குள் பெயரைக் கூப்பிட்டு, ஆளில்லை என்று அடுத்ததுக்குப் போய்விட்டால். போய்விட்டால் நல்லது என்று ஓர் எண்ணம் வந்தது, வந்ததை நான் பார்த்தேன், பார்த்ததும் கோகிலா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது வந்தது.

கூப்பிட்டுவிட்டார்கள். மாராத்தாள், லைன் வீடு. எழுந்தேன், தெய்வானை முதுகில் கை கொடுத்தாள். மேடைக்குக் கீழே மைக் ஒரு கம்பியில் நிறுத்தி இருக்கிறது. வலது கையை நீட்டி அதைக் கழற்றப் போனேன், மைக்செட்டுக்காரர் ஓடி வந்து, அதப் புடுங்காதீங்கம்மா, தொடாம நின்னாப் போதும் என்று என் வாய்க்கு நேராக இறக்கி வைத்துவிட்டுப் போனார். வலது கை காலியாகிவிட்டது. இதை நான் நினைக்கவே இல்லை. அதை எங்கே வைப்பது. தொங்கவிட்டால் ஆடும். பின்னால் கட்டினால் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருக்கும். எல்லோரும் பார்க்கிறார்கள். வணக்கமுங்க, என் பேர் மாராத்தாள் என்றேன், சத்தம் வந்தது, கூடத்தின் கடைசியில் போய் இடித்துத் திரும்பி என் முகத்திலேயே விழுந்தது, வேறு யாரோ பேசின மாதிரி. அந்தப் பயத்தில் கை நெஞ்சுக்குப் போய்விட்டது. பத்தொன்பது பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ரங்காத்தாள் தூணுக்குப் பின்னாலிருந்து எட்டிக் கதவைப் பார்த்தாள். பிறகு புரிந்துகொண்டு ஒரு சிரிப்பு அந்தப் பக்கம் மட்டும் ஓடியது. முதலாளியும் என்னவென்று தெரியாமல் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை ஆனால் மூச்சு வந்தது. இரண்டாவதைச் சொன்னேன், சந்து வாயில் கேட்டுப் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்கள். சரியாகத்தான் வந்தது. மூன்றாவதைத் தொடங்கினேன். தங்காயியைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. முந்தானை கையிலிருந்து எப்போது நழுவியது என்று தெரியாது. நான் சொல்லிக்கொண்டே போனேன், இவ்வளவு நன்றாக நான் பேசியதே இல்லை, நான்கு வாக்கியத்துக்குள் அடங்காததெல்லாம் வந்தது, சோற்றுத் தட்டு கவிழ்ந்தது, வாட்ச்மேனைத் தேடி ஆள் ஓடியது, கேட்டுக்கு அந்தப் பக்கம் நூற்றெட்டு வண்டி விளக்குச் சுற்றிக்கொண்டே நின்றது, இந்தப் பக்கம் நாங்கள் அவளைச் சின்னக் கதவில் நுழைக்கப் பார்த்தது, நுழையாமல் பின்னால் இழுத்தது, திருப்பி நுழைத்தது. பெண்கள் பக்கம் அழுகிறார்கள். தெய்வானை வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாள். நன்றாகப் பேசுகிறேன் என்று நினைத்தேன். நாற்காலிப் பக்கம் திரும்பினேன். அங்கே ஆண்கள் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சம்பந்தி பார்த்த மாதிரியே. ஒருவர் பக்கத்தில் இருப்பவர் காதில் ஏதோ சொல்ல, அவர் தலையைக் குனிந்து சிரித்தார். தலைவரின் வீட்டுக்காரர் எழுந்து, மைக்கு போச்சா என்று கேட்டார். மைக்செட்டுக்காரர் வந்து இரண்டு தட்டு தட்டினார், டொக் டொக் என்று கூடம் முழுக்கக் கேட்டது. மைக்கு நல்லாத்தானுங்க இருக்குது, அம்மாதான் பேசலை என்றார்.

பேசவில்லை. கை அந்தரத்தில் அப்படியே நின்றது, கதவில் திருப்புகிற மாதிரி. கீழே இறங்கிப் போய்விடலாம், சந்து வரை தலையைக் குனிந்து நடந்துவிடலாம், ஆனால் அந்தச் சின்னக் கதவில் நுழைந்து கோகிலாவிடம் என்ன சொல்வது, அதுவும் கையால்தான் சொல்லுவேன். தலைவர் கலாமணி அன்பாக, பரவாயில்லைங்கம்மா, உக்காருங்க, அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம் என்றார். பஞ்சாயத்துச் செயலர் பேனாவை எடுத்து ஏதோ குறித்தார். அடுத்த கூட்டம் காந்தி ஜயந்திக்கு, சம்பந்தி போன் வருவது இன்றைக்குச் சாயங்காலம். அப்போது தெய்வானை எழுந்து நின்றாள். "எங்களுக்குக் கேட்டுச்சுங்க," என்றாள். என்னம்மா கேட்டது என்று தலைவரின் வீட்டுக்காரர் கேட்டார். தங்காயியைக் கொண்டுபோனதை மாரக்கா சொல்லுச்சுங்க என்று தெய்வானை தொடங்கினாள், வாட்ச்மேன் இல்லாதது, வண்டி வெளியில் நின்றது, ஒவ்வொன்றாக நான் சொன்ன வரிசையிலேயே. அவளுக்குக் குரல் பெரிது, கூச்சமும் கிடையாது, மைக் இல்லாமலே கூடம் கேட்டது. சரியாகத்தான் சொல்லி வந்தாள். கட்டல்ல போட்டுத் தூக்கீட்டு வந்தோமுங்க, கட்டலு அந்தக் கதவுல நுழையலை என்றாள். கட்டில் இல்லை. கட்டிலா, கட்டிலை நாங்கள் எடுக்கவே இல்லை, தெய்வானை அன்றைக்கு வேலையில் இருந்தாள், பிறகுதான் ஓடி வந்தாள். கட்டில் என்று செயலர் எழுதிவிட்டால் கட்டில் என்றே இருந்துவிடும், கட்டிலில் போட்டால் எந்தக் கதவில் நுழையும் என்று நாளைக்கு எவனாவது கேட்பான்.

"கட்டலு இல்லீங்க, சேரு," என்றேன். "பிளாஸ்டிக் சேரு. கை வெச்ச சேரு."

கூடத்தின் கடைசியில் போய் இடித்துத் திரும்பி வந்தது. என் முகத்திலேயே விழுந்தது, நான் நகரவில்லை. சேரு இத்தனை அகலம் என்று கையில் காட்டினேன், கதவு இத்தனை என்று காட்டினேன், இரண்டுக்கும் நடுவில் இருந்த நாலு விரலையும் காட்டினேன், காட்டக் காட்டச் சத்தமும் கூடவே வந்தது. சேரை நிமித்தி நுழைச்சா கை இடிக்குது, சாய்ச்சா இவ நழுவுறா, அதனால சேர உட்டுப்போட்டு ஆளை மட்டும் குடுத்தோமுங்க, இந்தப் பக்கம் மூணு பேரு, அந்தப் பக்கம் வண்டிக்காரரு ஒருத்தரு, மூட்ட குடுக்கற மாதிரி குடுத்தோம் என்றேன். தங்காயி சுவரோரத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலாளி எழுந்தார். மனசுக்குச் சங்கடமாத்தான் இருக்குதுங்க மாரக்கா என்றார். வாட்ச்மேனை மாற்றிவிட்டதாகச் சொன்னார். இனிமேல் பகல் முழுக்கக் கேட்டைத் திறந்தே வைக்கிறேன், ராத்திரிக்கு மட்டும் பூட்டிக்கொள்கிறேன், நூல் போனால் யார் பதில் சொல்வது என்றார். நியாயமாகத்தான் இருந்தது. சரிங்க சரிங்க என்று நாற்காலிப் பக்கம் இரண்டு மூன்று குரல் கேட்டது, தலைவருக்கு முகம் தெளிந்தது, செயலர் எழுதத் தொடங்கினார். பகல் என்று எழுதுகிறார். அந்தப் பேனா நகர்வதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"கொழந்த பகல்லதான் பொறக்குமுன்னு அதுலயே எழுதிக் குடுத்துருங்க," என்றேன்.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. எழுதித் தந்தால் சம்பந்தியிடம் காட்டலாம் என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தேன். ஆனால் கூடமே சிரித்தது, ஆண்களும் சிரித்தார்கள், செயலர் பேனாவை நிறுத்திவிட்டார். முதலாளி மட்டும் சிரித்துப் பாதியில் விட்டுவிட்டார். கேட்டு இருக்கட்டுங்க, சாத்தி வெச்சுக்குங்க, பூட்டு மட்டும் வேண்டாம் என்றேன். கடைசியில் சொல்ல வேண்டிய நான்காவது வாக்கியம் இதுவல்ல, இது எப்போது வந்தது என்று எனக்கே தெரியவில்லை. முதலாளி செயலரின் நோட்டைப் பார்த்தார். பிறகு, சபையே சொல்லட்டுமுங்க, எத்தன பேருக்குச் சம்மதமுன்னு பாத்துக்குவோம் என்று சொல்லி, நாற்காலியைத் தூக்கிப் பெண்கள் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். காலின் மேல் கால் போட்டுக்கொண்டார். தலைவர், இரவும் பகலும் பூட்டில்லாமல் இருப்பதற்குச் சம்மதிக்கிறவர்கள் கையைத் தூக்கச் சொன்னார்.

ஒரு கையும் எழவில்லை. பத்தொன்பது பேரும் அவரிடம் வேலை செய்கிறவர்கள். நாளைக்குக் காலையில் தறிக்கு முன்னால் நிற்க வேண்டியவர்கள். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார், கோபமாக அல்ல, யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்கிற மாதிரிதான், அவர் கண் போகிற இடத்தில் தலை குனிந்தது. இந்த நேரத்தில் தறி ஓடினால் எவ்வளவு நன்றாக இருக்கும். என் கையைப் பார்த்தேன், மடியில் இல்லை, முந்தானையில் இல்லை, தலைக்கு மேலே இருந்தது, வெகு நேரமாக இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் தோள் வலிக்க ஆரம்பித்திருந்தது. ஒன்று என்று எண்ணினேன். அவர் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன், இறக்கினால் இனி எப்போதும் தூக்க முடியாது என்று தோன்றியது. தூணுக்குப் பின்னாலிருந்து ரங்காத்தாளின் கை மட்டும் வந்தது, ஆள் வரவில்லை. இரண்டு. தெய்வானை, மூன்று. தெய்வானைக்குப் பக்கத்தில், அதற்குப் பக்கத்தில். பின்னால் நாற்காலியில் தெருவிளக்குக்குப் பேசினவர், சட்டைப் பையில் விட்டிருந்த கையை எடுத்துத் தூக்கினார். எனக்குத் தெரியாத முகங்களெல்லாம் தூக்கின. செயலர் மேடையிலிருந்து பேனாவை நீட்டி நீட்டி எண்ணினார். நானும் எண்ணினேன். முப்பத்தி மூணுங்க, தீர்மானம் நிறைவேறுச்சு, பூட்டு இல்லாம சாத்தி வெக்கறது என்று படித்தார். கைகள் இறங்கின. பேச்சுச் சத்தம் எழும்பியது. முதலாளி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார், தலைவரிடம் ஏதோ சொன்னார், தலைவர் தலையாட்டினார். அடுத்தது குப்பை வண்டி என்றார்கள்.

"எண்ணியாச்சுங்கக்கா, கைய எறக்கிக்கலாம்," என்றார் செயலர்.

"ஒண்ணு கொறையுதுங்க," என்றேன்.

நிறைவேறிவிட்டதே, ஒன்று கூடினால் என்ன குறைந்தால் என்ன என்று அவர் சிரித்தார். தங்காயி சாஞ்சு உக்காந்திருக்கறா, கை தலைக்கு மேலே வராதுங்க, எடது கைதான், காது வரைக்கும் வெச்சிருக்கறா, நீங்க அந்தப் பக்கமே பாக்கலை என்றேன். ஒவ்வொரு எழுத்தும் கூடத்தின் கடைசிவரை கேட்டது. எல்லோரும் சுவரோரம் திரும்பிப் பார்த்தார்கள். தங்காயி கையை இன்னும் இறக்கவில்லை, கோணின வாயோடு மேடையையே முறைத்துக்கொண்டிருந்தாள். செயலர் பேனா மூடியை மறுபடி கழற்றினார். சரிங்க, எல்லாரும் இன்னொருக்கா தூக்குங்க என்று முன் வரிசையிலிருந்து எண்ணத் தொடங்கினார். நான் இறக்கவே இல்லை.